மழையில்லாத கடற்கரையில் சொட்டும் மரம்: எப்படி அடையாளம் காண்பது?

பெருவின் தலைநகர் லிமாவில் பெரும்பாலான ஆண்டுகளில் 20 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்வதில்லை. சிலியின் வடகரையும் நமீபியாவின் கரையும் இதே கதைதான். இப்படிப்பட்ட இடத்தில் ஒரு நிழல்மரத்தின் கீழ் போய் நிற்கிறீர்கள். மேலே இருந்து சொட்டுச் சொட்டாக ஏதோ விழுகிறது. மரத்தடி மண் ஈரமாக இருக்கிறது, நாலடி தள்ளி மணல் காய்ந்து கிடக்கிறது. யாருக்கும் முதலில் எழும் கேள்வி, "இது என்ன மரம்?" என்பதுதான்.

அந்தக் கேள்வியைக் கொஞ்சம் ஒத்திப்போடுங்கள். "இது என்ன துளி?" என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். சொட்டுவது என்பது ஒரு குறிப்பிட்ட மர இனத்துக்கு மட்டும் உள்ள குணம் இல்லை. பல மரங்கள் பல காரணங்களால் சொட்டுகின்றன. ஒரே மரம் குளிர்காலத்தில் ஒரு காரணத்தாலும் கோடையில் வேறொரு காரணத்தாலும் சொட்டலாம். துளி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டால், மரத்தின் பெயரைத் தேடும் வேலை பாதி முடிந்த மாதிரி.

கடலோரத்தில் எதற்குப் பாலைவனம்?

கடல் பக்கத்திலேயே இருந்தும் மழை இல்லை என்பது முதலில் நம்பச் சிரமமாக இருக்கும். காரணம் கடல்நீரின் குளிர்ச்சி. பெரு, சிலி கரையை ஒட்டி ஹம்போல்ட் நீரோட்டமும், நமீபியா கரையை ஒட்டி பெங்குவேலா நீரோட்டமும் குளிர்ந்த நீரைக் கொண்டுவருகின்றன. அந்த நீரின் மேல் இருக்கும் காற்றும் குளிர்ந்துபோகிறது. அதற்கு மேலே சூடான, உலர்ந்த காற்று ஒரு மூடிபோல உட்கார்ந்திருக்கிறது. கீழே உள்ள ஈரக்காற்றால் அந்த மூடியைத் தாண்டி உயர எழ முடியாது. உயர எழாத காற்றில் மழைமேகம் உருவாகாது. அதனால் ஈரம் முழுக்கத் தாழ்ந்த மேகமாகவும் மூடுபனியாகவும் கரையோரமே தங்கிவிடுகிறது. பெருவில் குளிர்மாதங்களில் இறங்கும் இந்த மூடுபனித் தூறலை காருவா என்கிறார்கள். சிலியில் கரைக்கு வரும் அடர்ந்த மூடுபனிக்கு காமன்சாகா என்று பெயர்.

ஆக, இந்தப் பாலைவனங்களில் காற்றில் நீர் இருக்கிறது. அது கீழே விழுவதில்லை, அவ்வளவுதான். மூடுபனித் துளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுதான் இருக்கும். அவ்வளவு சிறிய துளி விழுவதற்குப் பதிலாகக் காற்றோடு மிதந்துபோகிறது. ஏதாவது ஒன்று குறுக்கே நின்று அதைப் பிடிக்க வேண்டும்.

முதல் வகைத் துளி: காற்றிலிருந்து பிடித்தது

மரம் அப்படிக் குறுக்கே நிற்கிறது. காற்று இலைகளுக்கு நடுவே நுழையும்போது நுண்துளிகள் இலையிலும் குச்சியிலும் மோதி ஒட்டுகின்றன. ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகின்றன. பாரம் தாங்காமல் சொட்டுகின்றன. மரம் இதற்காக எதையும் உறிஞ்ச வேண்டியதில்லை. அதே இடத்தில் ஒரு வலையைக் கட்டினாலும் இது நடக்கும், நடந்தும் இருக்கிறது. சிலியின் சுங்குங்கோ என்ற மீனவ ஊருக்கு 1990களில் மலைமேல் கட்டிய நூறு வலைகள் சராசரியாக நாளொன்றுக்குச் சுமார் 15,000 லிட்டர் தண்ணீர் கொடுத்தன.

எவ்வளவு சொட்டும் என்று நாமே ஒரு தோராயக் கணக்குப் போடலாம். ஒரு கன மீட்டர் மூடுபனியில் 0.2 கிராம் நீர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காற்று விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வருகிறது. அப்படியானால் காற்றைப் பார்த்து நிற்கும் ஒவ்வொரு சதுர மீட்டர் இலைப்பரப்பையும் விநாடிக்கு ஒரு கிராம் நீர் கடந்துபோகிறது. அதில் பத்தில் ஒரு பங்கை மட்டும் மரம் பிடித்தாலும் மணிக்கு 360 கிராம். காற்றை எதிர்கொள்ளும் பக்கம் 20 சதுர மீட்டர் இருக்கும் மரம் என்றால் மணிக்கு ஏழு லிட்டருக்கு மேல். காற்று நின்றுபோனால் இந்தக் கணக்கு சுழியத்துக்கு இறங்கிவிடும். மூடுபனி இருந்தும் காற்று இல்லாத காலையில் மரம் அதிகம் சொட்டாததற்கு இதுவே காரணம்.

இலையின் வடிவமும் முக்கியம். அகலமான இலையை நெருங்கும் காற்று அதைச் சுற்றி வளைந்து போய்விடும். நுண்துளிகளும் அதோடு சேர்ந்து நழுவிவிடும். ஊசிபோன்ற இலையிலும் சின்னச் சின்னச் சிற்றிலைகள் கொண்ட கூட்டிலையிலும் காற்று அவ்வளவு விலகுவதில்லை, துளிகள் நேராகப் போய் மோதுகின்றன. அதனால் சவுக்கும், பொடி இலைக் கருவேல வகை மரங்களும், அகன்ற இலை மரங்களைவிட நன்றாகப் பிடிக்கும்.

இந்த வகையின் மிக அழகான சான்று சிலியின் ஃபிரை ஹோர்ஹே தேசியப் பூங்கா. சுற்றிலும் கள்ளியும் புதரும்தான். ஆண்டு மழை சுமார் 150 மில்லிமீட்டர். ஆனால் கடலைப் பார்த்த மலைமுகட்டில் ஒலிவிய்யோ மரங்கள் அடர்ந்த ஒரு காடு நிற்கிறது. இந்த மரங்களை வழக்கமாகப் பார்க்க வேண்டுமென்றால் தெற்கே மழை கொட்டும் பகுதிக்கு வெகுதூரம் போக வேண்டும். இங்கே மூடுபனி அவற்றைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. அந்தக் காட்டுத் திட்டுகளில் கடற்காற்று வந்து மோதும் பக்கத்தில் இளங்கன்றுகள் முளைக்கின்றன, மறுபக்கத்தில் மரங்கள் பட்டுப்போகின்றன. முன்னால் நிற்கும் மரங்கள் ஈரத்தைப் பிடித்துக்கொள்வதால் பின்னால் நிற்பவைக்குக் குறைவாகவே கிடைக்கிறது. நம் மரத்தை அடையாளம் காணவும் இந்தத் தகவல் உதவும். மரத்தடி ஈரம் காற்று வரும் பக்கத்தில் அதிகமாக இருந்தால் மூடுபனியைச் சந்தேகியுங்கள். அந்தப் பக்கக் கிளைகளில் தாடிபோலத் தொங்கும் சாம்பல்பச்சை லைக்கன் (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர்) இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். நீண்ட காலமாக அங்கே காற்றில் ஈரம் வந்துகொண்டிருக்கிறது என்பதற்கு லைக்கன் நல்ல சாட்சி.

அரேபியாவின் தெற்குக் கரையில், ஓமானின் தோஃபார் மலைகளில், இதே வேலை வேறு பருவத்தில் நடக்கிறது. ஜூன் பிற்பாதியிலிருந்து செப்டம்பர் வரை கரீஃப் எனப்படும் பருவக்காற்று மூடுபனியைக் கொண்டுவந்து மலையில் மோதுகிறது. அந்த மாதங்களில் மரங்கள் சொட்டச் சொட்ட நிற்கும். மற்ற மாதங்களில் அதே மரங்கள் காய்ந்துபோய்த் தெரியும்.

கனாரித் தீவுகளில் எல் இயெர்ரோ என்ற தீவில் கரோயே என்று ஒரு மரம் புகழ்பெற்றிருந்தது. அதன் இலைகளிலிருந்து சொட்டும் நீரைக் குழிகளில் சேர்த்து ஊர்மக்கள் குடித்தார்கள். 1610இல் ஒரு புயல் அதைச் சாய்த்துவிட்டது. 1949இல் அதே இடத்தில் தில் என்ற அதே வகை மரத்தை நட்டார்கள். மூடுபனி அங்கே இன்னும் வருவதால் புது மரமும் சொட்டுகிறது. மரம் எங்கே நிற்கிறது என்பது அது என்ன மரம் என்பதைவிடப் பெரிய விஷயம் என்று எனக்குத் தோன்றுவதற்கு இந்த ஒரு மரமே போதும்.

பனித்துளியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்

இரவில் விழும் சாதாரணப் பனித்துளி வேறு. தெளிந்த வானத்தின் கீழ் பொருட்கள் வெப்பத்தை இழந்து குளிரும்போது காற்றின் ஈரம் அவற்றின் மேல் படிகிறது. ஒரு முழு இரவில் படிவது ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. பிரித்தறிவது எளிது. பனித்துளி என்றால் வெட்டவெளியில் நிற்கும் கார் கூரை நனைந்திருக்கும், மரத்தடி உலர்ந்திருக்கும், ஏனென்றால் மரம் வானத்தை மறைத்து அடியில் உள்ளவற்றைக் குளிரவிடாமல் காக்கிறது. மூடுபனிச் சொட்டு என்றால் தலைகீழ்: மரத்தடி நனைந்திருக்கும், வெளியே அவ்வளவு ஈரம் இருக்காது.

இரண்டாம் வகைத் துளி: பூச்சி வெளியேற்றியது

வானம் தெளிவு, வெயில் சுள்ளென்று அடிக்கிறது, மூடுபனி என்ற பேச்சே இல்லை. ஆனாலும் மரம் சொட்டுகிறது. அப்போது தலையைத் தூக்கிக் கிளைகளைப் பாருங்கள்.

1870களில் பெருவில் ஒரு செய்தி பரவியது. மோயோபாம்பா பக்கத்துக் காட்டில் தாமியா-காஸ்பி என்ற மரம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து மழையாகப் பொழிகிறது, அதை நாட்டின் வறண்ட கடற்கரையில் நட்டால் விவசாயம் செழிக்கும் என்று அரசுக்கு யோசனையும் போனது. இங்கிலாந்தின் கியூ தாவரவியல் தோட்டத்தைச் சேர்ந்த திசெல்டன்-டயர் 1878இல் நேச்சர் இதழில் இதைப் பற்றி எழுதினார். அதில் ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் என்ற தாவரவியலாளர் தந்த விளக்கம் முக்கியமானது. அவர் 1855 செப்டம்பரில் பெருவின் தாராபோட்டோ அருகே தெளிந்த வானத்தின் கீழ் அப்படி ஒரு மரம் பொழிவதை நேரில் பார்த்திருந்தார். அண்ணாந்து பார்த்தால் கிளை முழுக்கச் சிள்வண்டுகள். இளங்கிளைகளின் சாற்றை உறிஞ்சிக்கொண்டே தெளிந்த நீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தன. கூடப்போன பெரு ஆட்களுக்கு அது புதிதே இல்லை. சிள்வண்டுக்குத் தீனியாகக்கூடிய எந்த மரமும் அப்போதைக்கு மழை மரம் ஆகிவிடும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. காட்டோடு வாழ்ந்தவர்களிடம் முதலிலேயே கேட்டிருந்தால் கடற்கரையில் நடும் யோசனையே எழுந்திருக்காது.

சிள்வண்டு ஏன் இப்படிப் பீய்ச்ச வேண்டும்? மரத்தில் இரண்டு வகைக் குழாய்கள் ஓடுகின்றன. வேரிலிருந்து நீரை மேலே ஏற்றுவது சைலம். இலையில் செய்த சர்க்கரையை எடுத்துப்போவது ஃபுளோயம். சிள்வண்டும் நுரைப்பூச்சியும் சைலத்தைக் குடிக்கின்றன. அதில் கிட்டத்தட்ட எல்லாமே தண்ணீர், சத்து மிகக் குறைவு. வயிறு நிறைய வேண்டுமென்றால் ஏராளமாகக் குடித்து ஏராளமாக வெளியேற்றியாக வேண்டும். அதனால் அந்தத் துளி தண்ணீர் போலவே இருக்கும், ஒட்டாது. அசுவினி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈ போன்றவை ஃபுளோயத்தைக் குடிக்கின்றன. அங்கே சர்க்கரை அதிகம், அதனால் அவை விடும் துளி பிசுபிசுக்கும். அடியில் நிறுத்திய வண்டியின் கண்ணாடியில் பசை படியும், இலைமேல் கரும்பூஞ்சாணம் வரும், தண்டில் எறும்புகள் வரிசையாக ஏறி இறங்கும்.

நகரத்து நிழல்மரங்களில் இந்த வகைக்குப் பேர்போனது டிப்புவானா டிப்பு. பொலிவியாவையும் வட அர்ஜென்டினாவையும் சொந்த மண்ணாகக் கொண்ட இந்த மரத்தை டிப்பா என்பார்கள். நல்ல நிழல் தருவதால் தென்னமெரிக்க நகரங்களிலும் கலிஃபோர்னியாவிலும் சாலையோரம் நிறைய நட்டிருக்கிறார்கள். புவனோஸ் அய்ரஸில் நவம்பர், டிசம்பர் வாக்கில் டிப்பாக்கள் அழுகின்றன என்று நடைபாதையில் போகிறவர்கள் சொல்வார்கள். கிளைகளில் வெண்ணுரைக் கொத்துகளுக்குள் இருக்கும் நுரைப்பூச்சிக் குஞ்சுகள்தான் அந்த அழுகைக்குக் காரணம். மாதத்தைக் கவனியுங்கள். அங்கே அது கோடையை ஒட்டிய காலம். லிமாவின் மூடுபனிக் காலமோ ஏறக்குறைய ஜூன் முதல் செப்டம்பர் வரை. ஆகவே அந்தக் கரையில் ஜூலைக் காலையில் சொட்டும் மரத்தையும் டிசம்பர் மதியத்தில் சொட்டும் மரத்தையும் ஒரே கண்ணால் பார்க்கக் கூடாது.

மூன்றாம் வகைத் துளி: உப்பு இழுத்தது

டாமரிஸ்க் என்ற மரம் பாலைவனக் கரைகளுக்கே உரியது. பாரசீக வளைகுடாக் கரையில் டாமரிக்ஸ் அஃபில்லா என்ற வகையும், நமீபியாவின் வறண்ட ஆற்றுப்படுகைகளில் டாமரிக்ஸ் உஸ்னியாய்டெஸ் என்ற வகையும் வளர்கின்றன. உவர்நீரை உறிஞ்சி வாழும் இந்த மரங்கள் தேவையில்லாத உப்பை இலையில் உள்ள சுரப்பிகள் வழியாக வெளியே தள்ளிவிடுகின்றன. பகலில் அந்த உப்புநீர் காய்ந்து வெள்ளைப் பொடியாகக் குச்சியில் ஒட்டிக்கொள்ளும். இரவில் காற்றின் ஈரம் ஏறும்போது அந்தப் பொடியே ஈரத்தை இழுத்துக் கரைந்து துளியாகும். சமையல் உப்புகூடக் காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகக் கரையத் தொடங்கும். கடலோர இரவுக்கு அந்த அளவு ஒன்றும் பெரிதில்லை. அபுதாபியில் உள்ள நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வில், டாமரிக்ஸ் அஃபில்லாவின் உப்புப் படிகங்களில் லித்தியம் சல்ஃபேட்டும் இருப்பதையும், அதனால் இன்னும் குறைந்த ஈரப்பதத்திலேயே நீரைப் பிடிக்க முடிவதையும் காட்டினார்கள். உப்பைக் கழுவிவிட்ட கிளையால் அவ்வளவு நீரைப் பிடிக்க முடியவில்லை.

இந்த மரத்தடியில் விடியற்காலை நின்றால் மேலே விழும் துளி உப்புக்கரிக்கும். தரையில் வெண்மையான உப்புப் படலம் இருக்கும், வேறு செடிகள் அதிகம் முளைத்திருக்காது. மூடுபனி மரத்தடியில் பசுமை கூடும், இங்கே குறையும். தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கக்கூடிய வித்தியாசம் இது.

செடிகள் இலைநுனியில் தாமாகவே நீர் கசியவிடும் நிகழ்வும் உண்டு. மண்ணில் ஈரம் நிறைய இருந்தால், இரவில் வேரின் அழுத்தத்தால் அது நடக்கும். புல்லிலும் சிறு செடிகளிலும் சகஜம். பாலைவனத்துப் பெரிய மரத்தில் இதை எதிர்பார்க்க வேண்டாம்.

துளியைச் சோதிக்க ஒரு கண்ணாடித்துண்டு போதும்

நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கத்தைப் பெயர் தெரியாத மரத்திடம் காட்டாதீர்கள். மஞ்சினீல் என்ற மரம் கரிபியன் கடற்கரைகளிலும் கலாபகோஸ் தீவுகளின் வறண்ட கரையிலும் வளர்கிறது. மழையின்போது அதன் கீழ் ஒதுங்கினால் அதன் பாலைக் கழுவி வரும் நீரே தோலைக் கொப்புளிக்க வைக்கும்.

அதற்குப் பதில் ஒரு சுத்தமான கண்ணாடித்துண்டை மரத்தடியில் வையுங்கள். சில துளிகள் விழுந்ததும் எடுத்து வெயிலில் காயவிடுங்கள். மூடுபனி நீர் என்றால் மெல்லிய தடம்தான் மிஞ்சும். கடல் பக்கத்தில் என்பதால் லேசாக உப்புத்தூள் இருக்கலாம், அதை வைத்து டாமரிஸ்க் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். டாமரிஸ்க் துளி காய்ந்தால் படிகங்கள் கண்ணுக்கே தெளிவாகத் தெரியும். பிசுக்குப் படலம் என்றால் ஃபுளோயம் குடிக்கும் பூச்சி. வெயில் நேரத்தில் விழுந்த துளி, கிளையில் நுரையோ சிள்வண்டோ தெரிகிறது, கண்ணாடியில் ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை என்றால் சைலம் குடிக்கும் பூச்சி. கூடவே இன்னொரு கண்ணாடியை மரத்துக்கு வெளியே, வெட்டவெளியில் வைத்தால் பனித்துளிக் குழப்பமும் தீர்ந்துவிடும்.

இனி மரத்தின் பெயர்

இப்போது இலையைப் பார்க்கலாம். பெரு, சிலி கரையில் நீங்கள் சந்திக்க வாய்ப்புள்ள சில மரங்களைச் சொல்கிறேன். டிப்பாவுக்கு முள் இல்லை. ஒரே காம்பில் இருபுறமும் நீள்வட்டச் சிற்றிலைகள், மஞ்சள் பூ, ஒற்றைச் சிறகு வைத்த காய். அவரைக் குடும்பத்து மரத்தில் சிறகுக்காயைப் பார்ப்பது அபூர்வம், அதனால் கீழே விழுந்த ஒரு காய் கிடைத்தாலே விடை கிடைத்த மாதிரி. உவராங்கோ என்ற மரம் நம் சீமைக்கருவேலத்தின் நெருங்கிய உறவு: முள், மிகச் சிறிய சிற்றிலைகள், மஞ்சள்நிற இனிப்புக் காய்கள். பெருவின் இக்கா பள்ளத்தாக்கில் ஆழமாக வேர்விட்டு நிற்கும் மரம் இது. தாரா மரத்துக்கும் முள் உண்டு, ஆனால் சிற்றிலை கொஞ்சம் பெரிது, காய் தட்டையாகச் செம்மஞ்சளாக இருக்கும். மூடுபனி வந்து பசுமையாகும் கடலோரக் குன்றுகளில் இதைப் பார்க்கலாம். மோய்யே மரத்தின் கிளைகள் தொங்கும், இலையைக் கசக்கினால் மிளகு வாசம் வரும், இளஞ்சிவப்பு மணிக்காய்கள் கொத்தாக இருக்கும்.

சவுக்கையும் டாமரிக்ஸ் அஃபில்லாவையும் பிரிப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். தூரத்திலிருந்து இரண்டும் ஒன்றுபோலவே மெல்லிய பச்சைக் குச்சிகளாகத் தெரியும். சவுக்கில் சிறிய கூம்புபோன்ற கடினக் காய் இருக்கும். டாமரிஸ்கில் அது கிடையாது, சின்ன வெள்ளை அல்லது இளஞ்சிவப்புப் பூக்கள் கதிராக வரும், குச்சியைத் தடவினால் உப்பு நறநறக்கும். இன்னொன்று: மழை மரம் என்று பெயர் வாங்கிய மரங்கள் பல உண்டு, தூங்குமூஞ்சி மரமும் அதில் ஒன்று. யாராவது அந்தப் பெயரைச் சொன்னால் அதை ஒரு இனத்தின் பெயராக எடுத்துக்கொள்ளாமல், இலையையும் காயையும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தெரிந்த ஒருவரிடம் படம் காட்டிக் கேட்பதாக இருந்தால் முழு மரம், ஒரு இலையின் இரு பக்கம், பட்டை, பூ அல்லது காய், அப்புறம் மரத்தடித் தரை என்று தனித்தனியாக எடுங்கள். எந்த மாதம், எத்தனை மணி, வானம் எப்படி, காற்று எந்தப் பக்கம் என்றும் எழுதுங்கள். தரையையும் நேரத்தையும் விட்டுவிட்டுக் கிளையை மட்டும் படமெடுப்பவர்கள்தான் அதிகம், அந்தப் படங்களை வைத்து மரத்தின் பெயரைச் சொல்ல முடிந்தாலும் சொட்டுவதன் காரணத்தைச் சொல்ல முடிவதில்லை.

அந்தக் காரணம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், சொட்டும் மரத்தைப் பார்த்ததும் "இதை நிறைய நட்டால் தண்ணீர் கிடைக்குமே" என்ற ஆசை இன்றும் எழுகிறது. பூச்சி விடும் துளி வேர் ஏற்கெனவே நிலத்திலிருந்து எடுத்த நீர், அதில் கணக்குக்குப் புதிதாக ஒரு சொட்டும் சேர்வதில்லை. டாமரிஸ்க் காற்றிலிருந்து கொஞ்சம் இழுத்தாலும் கூடவே உப்பையும் மண்ணில் இறக்குகிறது. காற்றில் மிதந்துபோகும் நீரை உண்மையிலேயே நிலத்துக்குக் கொண்டுவருவது மூடுபனி பிடிக்கும் மரம் மட்டும்தான். அதுவும் மூடுபனி மோதும் உயரத்தில், காற்றை எதிர்கொண்டு நின்றால்தான். கன்று நடுவதற்கு முன் அந்தச் சரிவில் ஒரு சதுர மீட்டர் வலையைக் கட்டி, ஒரு பருவம் முழுக்கக் கீழே சேரும் நீரை அளந்து பாருங்கள். அங்கே எந்த மரமாவது பிழைக்குமா என்பதை அந்த அளவு சொல்லிவிடும்.